"மிஸ், நாளைக்கு லீவா?" ஆன்லைனிலும் வகுப்பறையிலும் மாணவர் - ஆசிரியர் பேச்சுக்கு எல்லை எது?

சென்னையில் மழை வலுக்கும் இரவுகளில் பள்ளி வாட்ஸ்அப் குழுக்களில் தவறாமல் வந்து விழும் மெசேஜ் ஒன்று உண்டு: "மிஸ், நாளைக்கு லீவா?"

மணி பத்தரை ஆகியிருக்கும். ஒருவர் கேட்டதும் பின்னாலேயே இருபது பேர் கேட்பார்கள். கலெக்டர் அறிவிப்பு வரும் வரை டீச்சரின் போன் அடங்காது. பதில் போட்டால் அடுத்த கேள்வி, "ஆன்லைன் கிளாஸ் இருக்கா மிஸ்?" பதில் போடாவிட்டால், "ப்ளூ டிக் வந்துடுச்சு, ரிப்ளை பண்ணல" என்று பெற்றோர் குழுவில் புகார்.

கேள்வி கேட்ட மாணவர் மேல் தவறா, பதில் சொல்லாத ஆசிரியர் மேல் தவறா என்றால், இரண்டு பேர் மேலும் இல்லை. எந்த நேரத்தில், எந்த வழியில், எப்படிப் பேச வேண்டும் என்று இருவருக்கும் யாரும் சொல்லித் தரவில்லை என்பதுதான் பிரச்னை. வகுப்பறைக்கு எழுதாத சட்டம் ஒன்று தலைமுறை தலைமுறையாக இருந்தது. சார் உள்ளே வந்தால் எழுந்து நிற்பது, கை தூக்கிக் கேட்பது, ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று அனுமதி கேட்பது எல்லாம் அதில் அடக்கம். போனுக்குள் வகுப்பு வந்தபோது அந்தச் சட்டம் அப்படியே வரவில்லை.

அதன் விளைவு வெறும் எரிச்சலோடு நின்றிருந்தால் சரி. ஆனால், தமிழ்நாட்டில் அது காவல் நிலையம் வரை போனது. அரசு தனி விதிமுறை வெளியிடும் நிலை வந்தது. இந்தப் பேச்சுக்கு எல்லை எங்கே இருக்கிறது? மாணவர்கள், ஆசிரியர்கள், பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

கோட்டூர்புரத்தில் இருந்து வந்த பாடம்

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தைப் பலரும் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இடமாகத்தான் அறிவார்கள். அதே கட்டடத்தில்தான் தமிழ்நாடு அரசின் கல்வித் தொலைக்காட்சி ஸ்டுடியோவும் அமைக்கப்பட்டது. 2019 ஆகஸ்ட் 26 அன்று தொடங்கப்பட்ட இந்தச் சேனல், அடுத்த ஆண்டே மாநிலத்தின் பெரிய வகுப்பறையாக மாறும் என்று அப்போது யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. ஸ்மார்ட்போன் இல்லாத, நெட் பேக் போட முடியாத வீடுகளுக்கு டிவி வழியாகப் பாடம் போனது. ஆசிரியர் கேமராவைப் பார்த்துப் பேசினார். பிள்ளைகள் வீட்டில் உட்கார்ந்து பார்த்தார்கள். ஆனால், அதில் கை தூக்க முடியாது. "சார், புரியல, இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேட்க முடியாது.

தனியார் பள்ளிகளில் நிலைமை வேறு. அங்கே ஜூம், கூகுள் மீட், வாட்ஸ்அப் என்று இருவழிப் பேச்சு தொடங்கியது. ஆசிரியரின் சொந்த செல்போன் எண் முதல் முறையாக மொத்த வகுப்புக்கும் தெரிந்தது. மாணவர்களின் எண்ணும், பல நேரங்களில் அம்மா அல்லது அப்பாவின் எண்ணும், ஆசிரியருக்கும் மற்ற எல்லோருக்கும் தெரிந்தன.

ஒரு பக்கம் கேள்வியே கேட்க முடியாத வகுப்பு. இன்னொரு பக்கம் எந்த நேரமும் யாரும் யாருக்கும் மெசேஜ் போடலாம் என்ற வகுப்பு. இரண்டுக்கும் நடுவில் எப்படிப் பழக வேண்டும் என்ற பாடம் மட்டும் யாருக்கும் நடத்தப்படவில்லை.

மத்திய கல்வி அமைச்சகம் 2020 ஜூலை 14 அன்று 'பிரக்யாதா' என்ற பெயரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. மழலையர் வகுப்புக்கு ஒரு நாளில் 30 நிமிடத்துக்கு மேல் கூடாது. 1 முதல் 8 வரை, 30 முதல் 45 நிமிடம் கொண்ட இரண்டு வகுப்புகளுக்கு மேல் கூடாது. 9 முதல் 12 வரை, அதே அளவில் நான்கு வகுப்புகளுக்கு மேல் கூடாது என்றது. எவ்வளவு நேரம் திரை முன் உட்காரலாம் என்பதற்குக் கணக்கு வந்துவிட்டது. திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் எப்படிப் பேசலாம் என்பது அப்போதும் பெரிய விவாதமாகவில்லை.

'கேமராவை ஆன் பண்ணு' என்பது நியாயமா?

ஆன்லைன் வகுப்பில் அதிகம் சண்டை வந்தது இதில்தான். ஆசிரியர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஐம்பது கறுப்புக் கட்டங்களைப் பார்த்துப் பாடம் நடத்துவது சுவரோடு பேசுவது மாதிரி. மாணவர் தூங்குகிறாரா, கேம் ஆடுகிறாரா, புரியாமல் முழிக்கிறாரா என்று தெரியாது.

மாணவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. கோட்டூர்புரத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரே ஏரியாவில் தனி வீடுகளும் அபார்ட்மென்ட்களும் இருக்கின்றன. வாரியக் குடியிருப்புகளும் இருக்கின்றன. தனி அறையில் உட்கார்ந்து கேமராவை ஆன் செய்யும் மாணவருக்கு அது ஒரு பட்டன். சமையல், துணி காயப்போடுவது, தாத்தாவின் படுக்கை எல்லாம் ஒரே அறையில் இருக்கும் வீட்டு மாணவருக்கு, கேமராவை ஆன் செய்வது என்பது வீட்டையே வகுப்புக்குத் திறந்து காட்டுவது. அதை அவர் மறுத்தால் 'திமிர்' என்று எடுத்துக்கொள்ள முடியாது.

கேமராவில் தெரிவதை வைத்து மட்டும் ஒருவரை எடைபோடுவதில் உள்ள சிக்கலை அண்ணா பல்கலைக்கழக மாணவர்கள் நன்றாக அறிவார்கள். 2021 பிப்ரவரியில் நடந்த ஆன்லைன் செமஸ்டர் தேர்வை செயற்கை நுண்ணறிவு மென்பொருள் கண்காணித்தது. ஏப்ரலில் முடிவு வந்தபோது ஏராளமானோர் தோல்வி அடைந்திருந்தனர். முறைகேடு சந்தேகத்தில் பலரது முடிவு நிறுத்தி வைக்கப்பட்டது. தலையைத் திருப்பியதும், வீட்டில் கேட்ட சத்தமும்கூட தவறாகப் பதிவாகிவிட்டதாக மாணவர்கள் புகார் சொன்னார்கள். பிறகு மறுதேர்வுக்கு அரசு வாய்ப்பு கொடுத்தது.

அப்படியானால் நடைமுறைத் தீர்வு என்ன? வகுப்பு தொடங்கும்போது வணக்கம் சொல்லவும், கேள்வி கேட்கும்போதும் மட்டும் கேமராவை ஆன் செய்யலாம். முடியாதவர்கள் காரணத்தை எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டியதில்லை; ஆசிரியரிடம் தனியாகச் சொன்னால் போதும். கவனிக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள முகத்தைப் பார்ப்பது மட்டுமே வழி இல்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை சாட்டில் ஒரு வரிப் பதில் கேட்டாலே தெரிந்துவிடும்.

2021 மே: விதிமுறை எதனால் வந்தது?

சென்னை கே.கே. நகரில் உள்ள பத்ம சேஷாத்ரி பால பவன் பள்ளியின் வணிகவியல் ஆசிரியர் மீது 2021 மே மாதம் மாணவிகள் தரப்பில் பாலியல் தொந்தரவுப் புகார்கள் எழுந்தன. ஆன்லைன் வகுப்பில் துண்டுடன் தோன்றினார், மாணவிகளுக்குத் தவறான மெசேஜ்கள் அனுப்பினார் என்பவை குற்றச்சாட்டுகளில் சில. முன்னாள் மாணவிகள் சமூக வலைத்தளத்தில் இவற்றைப் பகிர்ந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. மே 24 அன்று அந்த ஆசிரியர் போக்சோ உள்ளிட்ட பிரிவுகளில் கைது செய்யப்பட்டார். அடுத்தடுத்த நாட்களில் வேறு சில பள்ளிகளின் முன்னாள் மாணவர்களும் தங்கள் அனுபவங்களைச் சொல்லத் தொடங்கினார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. புகார் முதலில் ஒலித்த இடம் பள்ளி அலுவலகம் இல்லை, இன்ஸ்டாகிராம். 'சாரைப் பத்தி இப்படிச் சொல்லலாமா?' என்ற தயக்கம் எவ்வளவு ஆழமாக இருந்தது என்பதை இதுவே காட்டுகிறது. மரியாதை என்று நாம் சொல்லிக்கொடுத்தது சில பிள்ளைகளுக்கு வாய்ப்பூட்டாகிவிட்டது.

முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தலைமையில் மே 26 அன்று ஆலோசனை நடந்தது. ஆன்லைன் வகுப்புகளைப் பதிவு செய்ய வேண்டும், அவற்றைப் பள்ளி அளவில் ஆய்வு செய்ய வேண்டும், இதற்கென விதிமுறைகள் வகுக்கப்பட வேண்டும் என்று முடிவானது. அடுத்த மாதமே பள்ளிக் கல்வித் துறை வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அவற்றின் முக்கிய அம்சங்கள்:

• ஆன்லைன் வகுப்பிலும், நேரடி வகுப்பில் இருப்பது போலவே, ஆசிரியர்களும் மாணவர்களும் கண்ணியமாக உடை அணிந்திருக்க வேண்டும்.

• ஆன்லைன் வகுப்புகள் பதிவு செய்யப்பட வேண்டும். அவை அவ்வப்போது ஆய்வு செய்யப்பட வேண்டும்.

• ஒவ்வொரு பள்ளியிலும் தலைமை ஆசிரியர், ஆசிரியர்கள், பெற்றோர் ஆசிரியர் கழகத்தினர் உள்ளிட்டோரைக் கொண்ட மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு இருக்க வேண்டும்.

• மாணவர்கள் பயமில்லாமல் புகார் போட, பள்ளியில் பாதுகாப்புப் பெட்டி வைக்க வேண்டும்.

• ஆண்டுதோறும் நவம்பரில் ஒரு வாரம் இதுபற்றிய விழிப்புணர்வு நடத்தப்பட வேண்டும்.

உடை, பதிவு, புகார்ப் பெட்டி ஆகியவை மாணவர்களுக்கு மட்டும் போடப்பட்ட கட்டளைகள் இல்லை. ஆசிரியர், மாணவர் இருவருக்கும் பொதுவான நடத்தை விதி அரசு ஆவணத்தில் இடம்பெற்றது என்பதுதான் இதில் பெரிய மாற்றம்.

ஆசிரியர் திட்டலாமா? எதுவரை?

"வாத்தியார் அடிச்சாத்தான் படிப்பு வரும்" என்று சொல்லி வளர்ந்த தலைமுறை இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. சட்டம் அந்த இடத்தைத் தாண்டி எப்போதோ வந்துவிட்டது. தமிழ்நாட்டில் பள்ளிகளில் உடல்ரீதியான தண்டனைக்கு இடமளித்த விதி 2003-லேயே நீக்கப்பட்டது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு அடியை மட்டும் தடை செய்யவில்லை, மனரீதியான துன்புறுத்தலையும் சேர்த்தே தடை செய்கிறது. உடல்ரீதியான தண்டனையை ஒழிப்பதற்காக தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் வகுத்த வழிகாட்டுதல்களை தமிழகப் பள்ளிகளில் அமல்படுத்த வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரலில் உத்தரவிட்டது.

அப்படியென்றால் ஆசிரியர் கண்டிக்கவே கூடாதா? கூடும். "நீ ஹோம்வொர்க் செய்யல, நாளைக்குள்ள முடிச்சுக் காட்டு" என்பது கண்டிப்பு. "உனக்கெல்லாம் எதுக்குப் படிப்பு?" என்பது அவமானம். முதலாவது, மாணவர் செய்த தவறைப் பற்றிப் பேசுகிறது. இரண்டாவது, மாணவரின் பிறப்பையும் மதிப்பையும் பற்றிப் பேசுகிறது.

இரண்டாவது வகைப் பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு உதாரணம் ஐஐடி கரக்பூர். 2021 ஏப்ரலில் அங்கே பட்டியல் சாதி, பழங்குடி மற்றும் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான ஆயத்தப் படிப்பின் ஆன்லைன் வகுப்பில், பேராசிரியை ஒருவர் மாணவர்களைக் கேவலமாகத் திட்டிய வீடியோ நாடு முழுவதும் பரவியது. அவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். நான்கு சுவருக்குள் நடந்திருந்தால் அது அந்த மாணவர்களோடு முடிந்திருக்கும். வகுப்பு ஆன்லைனில் நடந்ததால்தான் ஆதாரம் மிஞ்சியது.

தமிழ்நாட்டுக்கு இது தூரத்துக் கதை இல்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் மாணவர் ஒருவரும் அவரது தங்கையும் சக மாணவர்களால் வெட்டப்பட்ட பிறகு, நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைக்கப்பட்டது. 2024 ஜூனில் அது கொடுத்த அறிக்கையில் ஆசிரியர்களின் பேச்சும் இடம்பெற்றது. மாணவர்களை நேரடியாகவோ மறைமுகமாகவோ சாதியைக் குறிப்பிட்டு அழைக்கக் கூடாது, வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது என்பவை பரிந்துரைகளில் சில. 'ஸ்காலர்ஷிப் பசங்கள்லாம் எழுந்திரு' என்று வகுப்பில் சத்தமாகச் சொல்வது மறைமுகமாக அழைப்பதுதான். அதை ஒரு தாளில் பெயர் எழுதி, தனியாகக் கூப்பிட்டும் சொல்லலாம்.

ஆசிரியர்களுக்கு மட்டும் பாதுகாப்பு வேண்டாமா?

வேண்டும். 2022 ஏப்ரலில் திருப்பத்தூர் மாவட்ட அரசுப் பள்ளி ஒன்றில் ரெக்கார்டு நோட்டு கேட்ட ஆசிரியரை மாணவர் அடிக்கப் பாய்ந்த வீடியோ வைரலானது. அதே காலகட்டத்தில் வகுப்பறை மேசைகளை உடைப்பது, ஆசிரியரைச் சுற்றி நின்று கேலி செய்வது போன்ற வீடியோக்களும் வரிசையாக வந்தன. அடுத்த மாதம் சட்டப்பேரவையில் பேசிய பள்ளிக் கல்வித் துறை அமைச்சர் அன்பில் மகேஸ், ஒழுங்கீனமாக நடக்கும் மாணவர்கள் நிரந்தரமாக நீக்கப்படுவார்கள், அது டி.சி.யில் குறிப்பிடப்படும் என்று எச்சரித்தார்.

டி.சி.யில் எழுதினால் அந்த மாணவரின் எதிர்காலமே போய்விடும் என்று அப்போதே எதிர்ப்பும் எழுந்தது. ஆனால், ஆசிரியர்கள் கேட்ட கேள்வியைத் தள்ளிவிட முடியாது: "அடிக்கக் கூடாது, திட்டக் கூடாது, சரி. எங்களை அவமானப்படுத்தினா நாங்க யார்கிட்ட போறது?"

ஆன்லைனில் இந்த அவமானத்துக்கு வேறு முகம். வகுப்பு நடக்கும்போதே ஆசிரியரின் முகத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்டிக்கர் ஆக்குவது, ஆங்கில உச்சரிப்பை கட் பண்ணி மீம் போடுவது, வகுப்பு லிங்க்கை வெளியாட்களுக்குக் கொடுத்து உள்ளே விட்டுக் கத்த வைப்பது என்று எல்லாம் நடந்தது. மாணவருக்கு இது இரண்டு நிமிடச் சிரிப்பு. அந்த ஸ்டிக்கர் தன் மகளின் போனுக்கே வந்து சேரும் ஆசிரியருக்கு அப்படி இல்லை.

பெற்றோரின் பங்கும் இதில் உண்டு. தென் கொரியாவில் 2023 ஜூலையில் சியோல் நகரத் தொடக்கப் பள்ளி ஒன்றின் இளம் ஆசிரியை இறந்தார். பெற்றோரின் தொடர் புகார்களும் நெருக்கடியும்தான் காரணம் என்று கூறி ஆசிரியர்கள் வாரக்கணக்கில் பெரும் போராட்டம் நடத்தினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் ஆசிரியர் உரிமைகளைப் பாதுகாக்கச் சட்டத் திருத்தங்கள் கொண்டுவரப்பட்டன. பணி நேரம் முடிந்த பின் அலுவலகத் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை பிரான்ஸில் 2017 முதல் சட்டத்தில் இருக்கிறது.

நம் ஊரில் இரவு பத்தரை மணிக்கு "லீவா மிஸ்?" என்று கேட்பது அந்த அளவுக்குப் பெரிய குற்றம் இல்லை. ஆனால், ஒரு டீச்சருக்கு நான்கு வகுப்பு, நான்கு குழு, குழுவுக்கு நாற்பது பேர் என்று கணக்குப் போட்டால், அந்தச் சின்னக் கேள்வியின் எடை புரியும்.

சார், மிஸ், டீச்சர்: எது சரி?

தமிழ்நாட்டு வகுப்பறையில் ஆசிரியரைப் பெயர் சொல்லி அழைக்கும் வழக்கம் இல்லை. அரசுப் பள்ளியில் டீச்சர், ஐயா, மெட்ரிக் பள்ளியில் மிஸ், சார், கல்லூரியில் மேம். கேரளாவில் இதுவே விவாதமானது. பாலின வேறுபாடு இல்லாமல் எல்லோரையும் 'டீச்சர்' என்றே அழைக்கலாம் என்று அந்த மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023 ஜனவரியில் சொன்னது.

இங்கே அதைவிட முக்கியமான கேள்வி மறுபக்கம் இருக்கிறது: ஆசிரியர் மாணவரை எப்படி அழைக்கிறார்? தமிழில் 'நீ' என்பதற்கும் 'நீங்க' என்பதற்கும் நடுவில் பெரிய தூரம் இருக்கிறது. பள்ளிப் பிள்ளையை 'நீ' என்று அழைப்பதில் பாசமும் இருக்கலாம். 'வாடா கண்ணா' என்பதும் 'டேய், வாடா' என்பதும் ஒன்று இல்லை என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும். கல்லூரிக்கு வந்து, ஓட்டுப் போடும் வயதையும் தாண்டியவரை 'வா, போ' என்று அழைப்பது பற்றி ஆசிரியர்களே யோசிக்க வேண்டிய நேரம் இது.

எழுத்தில் இந்தச் சிக்கல் கூடுகிறது. நேரில் "சொல்லு" என்றால், கூடவே ஒரு சிரிப்பு இருக்கும். வாட்ஸ்அப்பில் "சொல்லு" என்று மட்டும் வந்தால் கோபமாகத் தெரியும். மாணவர் பக்கத்திலும் அப்படித்தான். "நோட்ஸ் அனுப்புங்க" என்று ஒரு வரி மெசேஜ், அவர் நினைக்காமலேயே கட்டளை மாதிரி போய்ச் சேர்ந்துவிடும்.

வாட்ஸ்அப்பில் என்ன செய்யலாம்? என்ன கூடாது?

வாட்ஸ்அப்பில் நோட்ஸ் அனுப்புவதையே கேரளக் கல்வித் துறை 2024 நவம்பரில் தடுத்தது. பிள்ளைகளுக்கு அது சுமையாகிறது, நேரடி வகுப்பில் கிடைக்கும் அனுபவம் போய்விடுகிறது என்பது காரணம். நம் பள்ளிகளில் அந்த அளவுக்குப் போகாவிட்டாலும் சில எளிய பழக்கங்கள் உதவும்.

மாணவர்களுக்கு:

• முதல் மெசேஜில் பெயர், வகுப்பு, பிரிவு, பாடம் சொல்லுங்கள். உங்கள் எண் டீச்சரின் போனில் சேமித்து வைக்கப்பட்டிருக்கும் என்று நினைக்காதீர்கள்.

• "ஹாய் சார்" என்று போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். கேள்வியையும் சேர்த்தே அனுப்புங்கள்.

• இரவில் தோன்றிய சந்தேகத்தை நோட்டில் எழுதி வையுங்கள். காலையில் கேட்டாலும் விடை மாறாது.

• வாய்ஸ் நோட் அனுப்பும் முன் அவசியமா என்று யோசியுங்கள். எழுத்து என்றால் ஐந்து நொடியில் படித்துவிடலாம்.

• ஆசிரியரின் எண், படம், வகுப்பு லிங்க் எதையும் அனுமதி இல்லாமல் வெளியே கொடுக்காதீர்கள்.

ஒரு மாதிரி மெசேஜ் இப்படி இருக்கலாம்: "வணக்கம் மேம். நான் பதினொன்றாம் வகுப்பு பி பிரிவு மாணவி. இன்று நடத்திய இயற்பியல் பாடத்தில் மூன்றாவது கணக்கு புரியவில்லை. நாளை இடைவேளையில் வந்து கேட்கலாமா?" கூடவே பெயர். அவ்வளவுதான். 'தங்கள் பொன்னான நேரத்தை' என்றெல்லாம் தேவை இல்லை.

ஆசிரியர்களுக்கு:

• எந்த நேரத்தில் பதில் கிடைக்கும் என்பதை ஆண்டின் முதல் நாளே சொல்லிவிடுங்கள். "மாலை 4 முதல் 6 வரை பார்ப்பேன்" என்று ஒரு வரி போதும்.

• பாடம் தொடர்பான பேச்சு குழுவில் நடக்கட்டும். தனி மெசேஜ் அவசியம் என்றால் பெற்றோருக்கும் தெரிந்திருக்கட்டும்.

• சாதாரண வாட்ஸ்அப் குழுவில் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும். கூகுள் கிளாஸ்ரூம் போன்ற தளங்களில் போன் எண்ணைப் பகிர வேண்டியதில்லை. முடிந்தால் அதற்கு மாறுங்கள்.

• மதிப்பெண், கட்டண பாக்கி, வீட்டுப் பிரச்னை எதையும் குழுவில் எழுதாதீர்கள்.

• தவறான விடை போட்ட மாணவரைக் குழுவில் கிண்டல் செய்யாதீர்கள். வகுப்பில் சொன்ன கிண்டல் மணி அடித்ததும் மறந்துபோகும். குழுவில் போட்டது அப்படியே இருக்கும்.

எப்போது இது வெறும் 'மரியாதைப் பிரச்னை' இல்லை?

மேலே சொன்னவை எல்லாம் பேசித் தீர்க்கக் கூடியவை. சில விஷயங்கள் அப்படி இல்லை. இவற்றைப் பிள்ளைகள் அடையாளம் காணத் தெரிந்திருக்க வேண்டும்:

• பாடத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் ஆசிரியர் இரவில் தனியாக மெசேஜ் போடுவது

• போட்டோ கேட்பது, உடை அல்லது உடல் பற்றிப் பேசுவது

• "யார்கிட்டயும் சொல்லாதே", "படிச்சதும் டெலீட் பண்ணிடு" என்பது

• பதில் போடாவிட்டால் இன்டர்னல் மார்க்கில் கைவைப்பதாக மிரட்டுவது

பாலியல் நோக்கத்துடன் ஒரு குழந்தையை நேரிலோ, போன் அல்லது இணையம் வழியாகவோ திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வது போக்சோ சட்டத்தின் 11-வது பிரிவின்படி பாலியல் துன்புறுத்தல். 12-வது பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை. இந்தச் சட்டத்தில் குழந்தை என்றால் 18 வயதுக்கு உட்பட்ட எல்லோரும்தான். பிளஸ் டூ மாணவரும் அதில் வருவார், ஆணும் வருவார்.

பள்ளிக்கும் பொறுப்பு உண்டு. இப்படி ஒரு குற்றம் தெரிய வந்தால், அதைக் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது போக்சோ 19-வது பிரிவு. தன் ஊழியர் செய்த குற்றத்தைத் தெரிந்தும் மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை கிடைக்கலாம் என்கிறது 21-வது பிரிவு. 'ஸ்கூல் பேர் கெட்டுடும்' என்பது சட்டத்தின் முன் நிற்காது.

மெசேஜை அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேதியும் நேரமும் தெரியும்படி வையுங்கள். நம்பும் ஒரு பெரியவரிடம் சொல்லுங்கள். கல்வி உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098 ஆகியவற்றை அழைக்கலாம். பள்ளியில் இருக்கும் புகார்ப் பெட்டியிலும் எழுதிப் போடலாம்.

பெற்றோருக்கு ஒன்று. பிள்ளை தயங்கித் தயங்கி ஒரு ஆசிரியரைப் பற்றிச் சொல்ல வந்தால், "அவரு நல்லவராச்சே, நீ என்ன பண்ணின?" என்று முதல் கேள்வியைக் கேட்காதீர்கள். அந்த ஒரு கேள்வியோடு பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். "சரி, சொல்லு, நான் கேட்கிறேன்" என்பது போதும்.

பள்ளிகள் இன்றே செய்யக் கூடியது என்ன?

ஆன்லைன் வகுப்பு கொரோனாவோடு போய்விடவில்லை. மழை விடுமுறை நாளில் வருகிறது, டியூஷனில் வருகிறது. கோட்டூர்புரத்தை ஒட்டியுள்ள சென்னை ஐஐடி 2020-ல் அறிவித்த டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பில் ஆயிரக்கணக்கானோர் பெரும்பாலும் ஆன்லைனில்தான் படிக்கிறார்கள். அதனால், நடத்தை விதியும் தற்காலிக ஏற்பாடாக இருக்க முடியாது.

இதற்குப் பெரிய செலவு இல்லை. ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு பக்க அளவில் பேச்சு விதிகளை எழுதி, மாணவர், ஆசிரியர், பெற்றோர் மூவரிடமும் கையெழுத்து வாங்கலாம். எந்தக் குழுவில் என்ன பேசலாம், எத்தனை மணி வரை, கேமரா எப்போது, பதிவு செய்த வீடியோவை யார் பார்க்கலாம், புகாரை யாரிடம் சொல்வது என்ற ஐந்து கேள்விகளுக்கு அதில் பதில் இருந்தால் போதும். அந்தப் பக்கத்தை எழுதும்போது மாணவர்களையும் உட்கார வைத்து எழுதினால், மீறுபவர்களை அவர்களே தட்டிக் கேட்பார்கள்.

மழை இரவுக் கேள்விக்கும் அதில் விடை இருக்கிறது. பள்ளி அலுவலகம் மட்டும் மெசேஜ் போடக்கூடிய அறிவிப்புக் குழு ஒன்று, அதில் "விடுமுறை அறிவிப்பு வந்ததும் இங்கேயே தெரிவிக்கப்படும்" என்று ஒரு வரி. டீச்சர் நிம்மதியாகத் தூங்கலாம். அதே டீச்சரிடம், மறுநாள் வகுப்பு முடிந்ததும் ஒரு பிள்ளை தயங்கி நின்று, "மிஸ், உங்ககிட்ட தனியா ஒண்ணு சொல்லணும்" என்று கேட்டால், அதற்கு மட்டும் எந்த நேரமும் இடம் இருக்க வேண்டும்.